வெப் ஆட்-இன் மட்டுமே போதுமா?

ஆபீஸ் மென்பொருளுக்கு ஆட்-இன் எழுதப் போகிறோம் என்றதும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "வெப் ஆட்-இன் (வலைப் பக்கமாக இயங்குவது) எழுதுங்கள்; மற்றதெல்லாம் காலாவதி." இதை நம்பி, நன்றாக ஓடும் கருவிகளைத் தூக்கிப் போடுகிற அலுவலகங்கள் உண்டு. அந்த இழப்பு தேவையற்றது. வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பழையவை செத்துவிட்டன." இல்லை. 1993-இல் எக்செல் 5 உடன் வந்த மேக்ரோ மொழியான வி.பி.ஏ. இன்றைய டெஸ்க்டாப் எக்செல்லிலும் ஓடுகிறது. விண்டோஸில் காம் ஆட்-இன்களும் ஓடுகின்றன. டாட்நெட்டில் ஆட்-இன் எழுதும் வி.எஸ்.டி.ஓ. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கோடு நின்றுவிட்டது உண்மை. ஆனால் வளர்ச்சி நின்றதால் ஆதரவும் நின்றுவிட்டது என்று பொருளல்ல. விண்டோஸின் புதிய அவுட்லுக் மட்டும் இவை எதையும் ஏற்காது. அதற்கு எழுதுகிறவருக்கு வெப் ஆட்-இன்தான் வழி. அவுட்லுக்கின் நிலையை எக்செல் மீதும் ஏற்றிச் சொல்வதுதான் பிழை.

"ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும்." மேக், ஐபேட், பிரவுசர் மூன்றும் வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் சந்தா இல்லாத, வால்யூம் லைசென்ஸில் வாங்கிய ஆபீஸ் 2016-இல் எக்செல் ஏபிஐயின் 1.1 தொகுப்பு மட்டுமே உண்டு; 2019-இல் 1.8 வரைதான். அதற்குப் பின் வந்த வசதிகளை நம்பி எழுதியது அந்தக் கணினிகளில் ஓடாது.

"வேகத்தில் குறைவில்லை." வெப் ஆட்-இன் எக்செல்லுக்கு வெளியே தனி புராசஸில் இயங்குகிறது. லூப்புக்குள் செல் செல்லாக எக்செல்லோடு சிங்க் செய்தால் ஊர்ந்துபோகும்; மொத்தமாகத் திரட்டி அனுப்பினால் சமாளிக்கலாம். அப்போதும் பிரவுசர் எக்செல்லில் ஒரு கோரிக்கைக்கு 5 எம்.பி. வரம்பு உண்டு. லட்சக்கணக்கான செல்களில் ஓடும் சொந்த ஃபார்முலாக்களுக்கு, எக்செல்-டி.என்.ஏ. என்ற டாட்நெட் கருவி கொண்டு எழுதும் எக்ஸ்.எல்.எல். பல மடங்கு பொருத்தம். அது எக்செல்லின் உள்ளேயே ஓடுகிறது.

"நிறுவுவது எளிது." மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் ஆட்-இன்னின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டை ஏற்றினால் போதும், கணினி கணினியாக எம்.எஸ்.ஐ. சுமக்க வேண்டாம். பெரிய நிறுவனத்துக்கு இது வரம். ஆனால் ஆட்-இன் எல்லாருக்கும் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம். அதன் பக்கங்களைத் தாங்கும் எச்.டி.டி.பி.எஸ். சர்வரையும் யாராவது தொடர்ந்து பராமரிக்க வேண்டும். அதன் சான்றிதழ் காலாவதியானால் எல்லா மேசையிலும் வேலை ஒன்றாக நிற்கும். ஐந்து பேர் வேலை செய்யும் கணக்கர் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?

"பாதுகாப்பானது." இணையத்திலிருந்து இறங்கும் மேக்ரோக்களை 2022 முதலும், எக்ஸ்.எல்.எல். கோப்புகளை 2023 முதலும் ஆபீஸ் இயல்பாகவே தடுக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது அலுவலகமே கையொப்பமிட்டு, நம்பகமான இடத்தில் வைத்த மேக்ரோவைத் தடுப்பதில்லை. மறுபுறம், ஆவணத்தைப் படிக்க அனுமதி பெற்ற வெப் ஆட்-இன் அதை வெளி சர்வருக்கு அனுப்பவும் முடியும். அந்த சர்வரில் நிரல் மாறினால் பயனருக்குத் தெரியாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எந்தக் கணினிகளில் ஓட வேண்டும், எவ்வளவு தரவு, எழுதியவர் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்? இவற்றுக்கு விடை கிடைத்தபின் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளெல்லாம் அந்தத் திரை முன் உட்கார்ந்திருப்பவரின் வேலை நிற்காமல் நடப்பதே அளவுகோலாக இருக்கட்டும்.