எண்ணிக்கையில் மறையும் குற்றங்கள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளியாகும் போதெல்லாம் தலைநகரில் ஒரே காட்சி அரங்கேறுகிறது. எந்த மாநிலத்தில் குற்றங்கள் அதிகரித்துள்ளனவோ அந்த மாநிலத்தின் எதிர்க்கட்சிகள் அறிக்கையை உயர்த்திப் பிடிக்கின்றன. ஆளும் கட்சியோ வேறொரு மாநிலத்தின் எண்ணிக்கையைக் காட்டிப் பதிலடி தருகிறது. நாடாளுமன்றத்திலும் அதே எண்கள் கேள்விகளாகவும் பதில்களாகவும் வலம் வருகின்றன. 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2025 செப்டம்பர் இறுதியில்தான் வெளியானது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் 62.41 லட்சம் வழக்குகள் பதிவாயின என்றும், இது முந்தைய ஆண்டைவிட 7.2 சதவீதம் அதிகம் என்றும் அறிக்கை கூறியது. இந்த எண் எப்படி உருவாகிறது என்று கேட்டவர்கள்தான் மிகச் சிலர்.

காவல் நிலையங்களில் பதிவாகும் வழக்குகளின் எண்ணிக்கை மாவட்ட அளவிலும் பின்னர் மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்திலும் தொகுக்கப்பட்டு தில்லிக்கு வந்து சேர்கிறது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இடம்பெற்றிருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். இதற்கு முதன்மைக் குற்ற விதி என்று பெயர். வீடு புகுந்து கொள்ளையடித்தவர்கள் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டால் அது கொலை மட்டுமே. கொள்ளை கணக்கில் வராது. ஒரு பெண்ணைக் கடத்திச் சென்று வன்கொடுமை செய்தால் கடத்தல் கணக்கில் வராது.

நாட்டையே உலுக்கிய 2012 டிசம்பர் 16 தில்லி பேருந்துச் சம்பவத்துக்கு இந்த விதியை அப்படியே பொருத்தினால், அது கொலை என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் இடம்பெறும். எந்தக் கொடுமைக்கு எதிராக மக்கள் ராஜபாதையில் திரண்டார்களோ, அந்தக் கொடுமைக்கு அட்டவணையில் இடமிருக்காது. இந்தக் குறையை உணர்ந்துதான் 2017-ஆம் ஆண்டு அறிக்கை முதல் 'வன்கொடுமையுடன் கூடிய கொலை' என்ற தனித் தலைப்பு சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் குற்றங்கள் பிணைந்து நிகழும் விதங்கள் எண்ணற்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பைச் சேர்த்துக்கொண்டே போவது, ஓட்டைப் பானைக்கு ஒட்டுப் போடும் வேலை.

மொத்த எண்ணிக்கை மட்டுமே கையிலிருப்பதால் நேரும் விபரீதத்தை 2020-ஆம் ஆண்டு அறிக்கை வெளிச்சமிட்டுக் காட்டியது. மக்கள் வீடுகளுக்குள் அடைந்து கிடந்த அந்த ஆண்டில் நாட்டின் குற்றங்கள் 51.56 லட்சத்திலிருந்து 66.01 லட்சமாக உயர்ந்ததாகப் பதிவாயிற்று. அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது தொடர்பான 188-ஆவது பிரிவின் கீழான வழக்குகள் மட்டும் 29,469-லிருந்து 6,12,179 ஆகப் பெருகின. ஊரடங்கை மீறி வெளியே வந்தவரும் கொலைக் குற்றவாளியும் ஒரே கூட்டுத் தொகையில் சேர்ந்தனர். திருட்டு போன்ற வழக்கமான குற்றங்கள் குறைந்த உண்மை அந்தப் பெரிய எண்ணுக்குள் புதைந்துபோனது.

இதற்கு மாற்று, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனிப் பதிவாகத் தொகுப்பது. எந்த இடம், எந்த நேரம், என்னென்ன குற்றங்கள், என்ன ஆயுதம், பாதிக்கப்பட்டவரின் வயது, குற்றவாளிக்கும் அவருக்கும் உள்ள உறவு ஆகிய அனைத்தும் ஒரே பதிவில் இருக்கும். ரயில் நிலையங்களுக்கு அருகே இரவு 9 மணிக்குப் பின் நடக்கும் வழிப்பறிகளில் பாதிக்கப்படும் முதியோர் எத்தனை பேர் என்று கேட்டால், இன்றைய ஆண்டறிக்கையில் விடையில்லை. சம்பவவாரிப் பதிவில் அது சில நொடி வேலை. பதிவான வழக்கு தீர்ப்பு வரை என்ன ஆனது என்பதையும் பின்தொடரலாம். இப்போது தரப்படும் தண்டனை விகிதம், அந்தந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அவற்றில் பல ஆண்டுகளுக்கு முன் பதிவானவையும் அடங்கும்.

அமெரிக்கா இந்தப் பாதையில் பட்ட பாடு கவனிக்கத்தக்கது. 1930 முதல் தேசிய அளவில் குற்ற எண்ணிக்கையைத் தொகுத்து வந்த அந்நாட்டிலும், கடுமையான குற்றத்தை மட்டும் கணக்கிடும் விதியே நெடுங்காலம் கோலோச்சியது. 2021 ஜனவரி முதல் சம்பவவாரிப் பதிவுகளை மட்டுமே ஏற்பதென எஃப்.பி.ஐ. முடிவு செய்தபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற மாநகரங்களின் காவல் துறைகளே ஆயத்தமாக இருக்கவில்லை. தேசிய எண்ணிக்கையை மதிப்பீட்டின் துணையோடு வெளியிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு பழைய முறைப் புள்ளிவிவரங்களும் மீண்டும் ஏற்கப்பட்டன. நோக்கம் சரியாக இருந்தும், பயிற்சியும் கால அவகாசமும் போதாததால் வந்த வினை அது.

இந்தியாவுக்கு ஒரு வசதி உண்டு. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009-இல் சுமார் ரூ.2,000 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டம், நாட்டின் காவல் நிலையங்களைக் கணினி வலையமைப்பில் இணைத்துவிட்டது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல் துறை இணையதளத்தில் வெளியிட வேண்டும், நுட்பமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு என 2016-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அதாவது, சம்பவவாரித் தகவல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. ஆனால் ஆண்டறிக்கையோ மாநிலங்கள் கூட்டிக் கழித்து அனுப்பும் எண்களையே நம்பியிருக்கிறது. தானியம் களஞ்சியத்தில் இருக்க, பதரை அளந்து கொண்டிருப்பதற்கு ஒப்பானது இது.

கருவி மாறினால் மட்டும் போதாது. மனப்பான்மையும் மாற வேண்டும். கைது செய்வதற்குரிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. ஆயினும் புகாரோடு வருபவரைச் சமாதானம் பேசித் திருப்பியனுப்பும் வழக்கம் ஒழியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், திருமணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். 2022-இல் கணவர், உறவினர் கொடுமை குறித்துப் பதிவான வழக்குகளோ நாடு முழுவதும் சுமார் 1.4 லட்சம் மட்டுமே. நேர்மையாக வழக்குப் பதியும் மாநிலம் 'குற்ற மாநிலம்' என்று தூற்றப்படும் வரை, பதியாமல் இருப்பதே ஆய்வாளருக்கும் அமைச்சருக்கும் பாதுகாப்பாகத் தோன்றும். வழக்குப் பதிவு உயர்வது வேறு, குற்றம் பெருகுவது வேறு என்று ஆவணக் காப்பகமே எச்சரிப்பதை அரசியல் கட்சிகள் படிப்பதில்லை.

காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது உண்மை. எனவே மாநிலங்களின் இசைவோடும், நிலைய எழுத்தர்களுக்கு உரிய பயிற்சியோடும் இந்த மாற்றம் வர வேண்டும். பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் அடையாளமும் எவ்வகையிலும் வெளிப்படக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால் குற்றத் தலைப்புகள் அனைத்தையும் எப்படியும் மாற்றியமைத்தாக வேண்டும். முதன்மைக் குற்ற விதிக்கு விடை கொடுக்க இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது. காகிதப் பதிவேட்டுக் காலத்தின் விதியைக் கணினிக் காலத்திலும் சுமந்து திரிவதற்கு நியாயம் ஏதுமில்லை.

குற்றத்துக்கு ஆளானவருக்கு அரசு செய்ய வேண்டிய முதல் கடமை, அவருக்கு நேர்ந்ததை முழுமையாகப் பதிவு செய்வது. அதைக்கூடச் செய்யாத அட்டவணைகளை வைத்து அவையில் மோதிக்கொள்வதால் எவருக்கும் பயனில்லை.