எழுதியவள் பெயர் எங்கே?



இரும்புக்கை மாயாவி என்ற பெயரைச் சொன்னால் இன்றும் பல வீடுகளில் அப்பாமார்களின் முகம் மலரும். 1972-ஆம் ஆண்டு சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் அவன்தான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும் என்பது அவர்களுக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் கதையை எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. 1962-இல் இங்கிலாந்தில் வேலியண்ட் என்னும் வார இதழில் அது தொடராக வந்தது. முதலில் எழுதியவர் கென் பல்மர், பின்னர் தொடர்ந்தவர் டாம் டல்லி. அக்கால ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் படக்கதை எழுதியவர் பெயரை அச்சிடும் வழக்கம் பொதுவாக இல்லை. பிறந்த ஊரிலேயே பெயர் இல்லாத கதைக்குக் கடல் தாண்டி வந்த இடத்தில் பெயர் எப்படிக் கிடைக்கும்?

இங்கிருந்தே என் கருத்தைத் தொடங்குகிறேன். படக்கதை எழுதுவது ஒரு முழுமையான எழுத்துப்பணி. அதில் ஆர்வம் கொண்ட பெண்பிள்ளையைத் தடுக்காதீர்கள். அத்துடன், தன் எழுத்தின் கீழே தன் பெயரை இடவும், அந்த உரிமையைக் கேட்டுப் பெறவும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் இப்பள்ளியின் முன்னாள் மாணவி. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். இரவு வீட்டு வேலைகள் முடிந்தபின் படக்கதை எழுதுகிறேன். இதுவரை அச்சேறியவை மூன்று சிறு கதைகள். திரும்பி வந்தவை அதைப்போல் பல மடங்கு. ஆகவே எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எழுத்தாளராக முயல்பவள் என்றால் பொருந்தும்.

இதைக் கேட்டதும் உறவினர் அனைவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உனக்குத்தான் படமே வரைய வராதே! நீ எப்படிப் படக்கதை செய்வாய்?" என்பதே அது. எனக்கு வரைய வராது என்பது உண்மைதான். வரைபவர் ஓவியர். எந்தக் கட்டத்தில் என்ன நிகழ வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும், யார் என்ன பேச வேண்டும், எங்கே யாரும் பேசக் கூடாது என்பதைத் தாளில் எழுதித் தருபவர் எழுத்தாளர். வேறு சிலர் கதைச் சுருக்கத்தை மட்டும் ஓவியரிடம் தந்து, படங்கள் வந்தபின் உரையாடல் எழுதுவர். 1960-களில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்தில் இம்முறை பரவலாக இருந்தது.

நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள், தங்கையரே. நல்ல சமாரியர் உவமை உங்கள் அனைவருக்கும் தெரியும். அதை எட்டுக் கட்டங்களில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரு விலகிச் சென்றார் என்று கட்டுரையில் ஒரு வரியில் எழுதிவிடலாம். கட்டத்தில் எதைக் காட்டுவது? என் குறிப்பு இப்படி இருக்கும்: "கட்டம் 3. தரை மட்டத்திலிருந்து பார்க்கிறோம். அருகில் அடிபட்டவனின் கை. தூரத்தில், சாலையின் மறு ஓரத்தில், விரைந்து செல்லும் இரு பாதங்கள். பேச்சு இல்லை." லேவியர் வரும் கட்டமும் ஏறத்தாழ அதேதான், பாதங்கள் மட்டும் வேறு. சமாரியர் வரும் கட்டத்தில் பாதங்கள் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். ஒரு சொல்லும் இல்லாமல் கதை விளங்கிவிடுகிறது. அந்தப் பாதங்களை அழகுற வரைந்தவர் ஓவியர். அவை அங்கே திரும்ப வேண்டும் என்று எண்ணியவர் எழுத்தாளர்.

இத்தொழிலில் அளவும் மிக முக்கியம். ஒரு கட்டத்தில் முப்பது, முப்பத்தைந்து சொற்களுக்கு மேல் போனால் எழுத்து படத்தை மூடிவிடும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்களே வசதியாக அமையும். திருப்பமான செய்தியை எதிரெதிரே இருக்கும் இரு பக்கங்களில் வைத்தால் வாசகரின் கண் அதை முன்கூட்டியே பார்த்துவிடும். ஆதலால் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஆவலைத் தூண்டி, தாளைப் புரட்டியபின் விடையைக் காட்ட வேண்டும். இத்தனை சிக்கனத்தோடும் கணக்கோடும் எழுதுகிற ஒன்றை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நியாயமா?

"காமிக்ஸ் படித்தால் படிப்புக் கெட்டுவிடும்" என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அவர்களின் அச்சத்தை நான் இகழவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்தால் எந்தக் கதைப் புத்தகமும் படிப்பைக் கெடுக்கத்தான் செய்யும். ஆனால் 1967-இல் ஆனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதையை எண்ணிப் பாருங்கள். நம் இதிகாசங்களையும் வரலாற்றையும் முப்பத்திரண்டு பக்கப் புத்தகங்களாகப் பல இலட்சம் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தது அது. அங்கே ஆசிரியர் குழுவில் இருந்து பல கதைகளை எழுதிய கமலா சந்திரகாந்த் ஒரு பெண்மணி என்பது நம் மாணவியர் அறிய வேண்டிய செய்தி.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தொழிலை மட்டும் நம்பித் தமிழில் குடும்பம் நடத்துவது மிகக் கடினம். தமிழில் வந்த காமிக்ஸ் இதழ்களில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளே. ஆகையால் படிப்பை முடித்து, ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, பிறகு எழுதுங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் எழுதுங்கள். உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் கதையையும், விடுதியில் முதல் இரவு தூங்காமல் விழித்திருக்கும் சிறுமியின் கதையையும் பிரான்சிலோ இங்கிலாந்திலோ இருப்பவர் நமக்காக எழுதித் தரமாட்டார்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பெயர்தான். இத்துறையின் வரலாறு முழுவதும் அந்தக் குறை ஓடிக்கொண்டிருக்கிறது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் 1938-இல் அதன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டனர். முதிய வயதில், 1975-இல்தான் அவர்களுக்கு ஆண்டுத் தொகை கிடைத்தது; படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்ப வந்தது. 1939-இல் பேட்மேனின் முதற் கதையை எழுதிய பில் ஃபிங்கர் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ஓவியர் பெயர் மட்டும் நிலைத்தது. ஃபிங்கர் 1974-இல் மறைந்தார். அதிகாரபூர்வமாக அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2015-இல்.

பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அமெரிக்காவில் டேலியா மெசிக் என்னும் பெண்மணி, பெண் பெயரைக் கண்டால் பத்திரிகையாசிரியர்கள் படைப்பைப் புறக்கணிக்கிறார்கள் என்பதால், ஆண் பெயர் போல் ஒலிக்கும் டேல் என்று தம் பெயரை மாற்றிக்கொண்டார். 1940-இல் பிரெண்டா ஸ்டார் என்ற பெண் நிருபரின் கதையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்திப் புகழ் பெற்றார். பெயரைச் சம்பாதிக்கப் பெயரையே இழக்க வேண்டியிருந்தது அவருக்கு!

துணிந்து கேட்டவர்களும் உண்டு. நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் லக்கி லூக் கதைகள் பலவற்றை எழுதியவர் ரெனே கோசினி. தமிழில் கேப்டன் டைகர் என்று அறியப்படும் நாயகனின் கதையை எழுதியவர் ழான் மிஷேல் ஷார்லியே. இவ்விருவரும் ஓவியர் உடெர்சோவும் 1956-இல் சக படைப்பாளிகளுடன் சேர்ந்து தங்கள் உரிமைகளை எழுத்தில் கேட்டனர். கோசினிக்கு வேலை போயிற்று; ஷார்லியேயும் உடெர்சோவும் அவருடன் வெளியேறினர். மூன்றே ஆண்டுகளில், 1959-இல், அவர்கள் பங்கேற்றுத் தொடங்கிய பிலோட் இதழில் ஆஸ்டெரிக்ஸ் பிறந்தான். உரிமை கேட்பவரை உலகம் உடனே பாராட்டாது. என்றாலும் கேட்டதனால் அவர்கள் அழிந்துவிடவில்லை.

நம் நாட்டில் சட்டம் எழுதுபவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மற்றவருக்குக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு என்றே கொள்ளப்படும். உரிமையை விற்றுவிட்ட பின்னும் "இதை எழுதியவள் நான்" என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை முதலாளிக்கே. கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே வளர்க்க வேண்டும்.

என் நான்கு பக்கக் கதையொன்று ஒரு சிறுவர் இதழில் வெளிவந்தது. அட்டையிலும் உள்ளேயும் ஓவியர் பெயர் மட்டுமே இருந்தது. கேட்டதற்கு, "இடமில்லை அம்மா" என்றார்கள். என் பெயருக்கு ஐந்து எழுத்துக்கு மேல் இல்லை! அந்த ஓவியப் பெண் அடுத்த கதைக்குப் படம் வரையும்போது, முதற் கட்டத்தின் ஓரத்தில் இருவர் பெயரையும் தன் கையாலேயே எழுதி அனுப்பிவிட்டாள். படத்தோடு சேர்ந்துவிட்ட பெயரை யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

முடிவாக, பள்ளிக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இம்மலரில் கவிதைக்கும் கட்டுரைக்கும் சிறுகதைக்கும் பக்கங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு படக்கதைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். நன்றாக எழுதும் ஒரு மாணவியையும் நன்றாக வரையும் ஒரு மாணவியையும் ஒன்றாக உட்கார வையுங்கள். எழுதுபவள் குறிப்பெழுதட்டும், வரைபவள் அதைப் படித்து, முடியாததை முடியாது என்று சொல்லட்டும், இருவரும் வாதாடி முடிவு செய்யட்டும். கதை அச்சேறும்போது தலைப்பின் கீழே "எழுதியவர்", "வரைந்தவர்" என்று இருவர் பெயரும், வகுப்பும் பிரிவும் உட்பட, ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

– ஒரு முன்னாள் மாணவி