அடுப்படியில் அணு சாஸ்திரம்

நமக்கு வரும் கடிதங்களில், தொடர்கதை ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று கோபிப்பவையே அதிகம். சென்ற வாரம் வந்த ஒரு கடிதம் வேறு விதமாயிருந்தது. "எனக்கு வயது 15. குவாண்டம் பௌதிகம் கற்க ஆசை. ஒரு புத்தகம் வாங்கினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் போக முடியவில்லை. 'அதெல்லாம் காலேஜுக்குப் போன பிறகு. இப்போது பரீட்சைக்குப் படி' என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்?" என்று ஒரு பெண் கேட்டிருந்தாள்.

முதலில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை.

1928-ஆம் ஆண்டு ஜெர்மன் பேராசிரியர் ஸாமர்பெல்டு சென்னைக்கு விஜயம் செய்தார். அணுவைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைத் தாமாகவே படித்திருந்த பிரஸிடென்ஸி கலாசாலை மாணவர் ஒருவர், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே சென்று பார்த்தார். மாணவருக்கு வயது 18-ஐ ஒட்டித்தான் இருக்கும். பேராசிரியர் சொன்ன சமாசாரமோ தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. அந்த நூல் வெளிவந்த பிறகு பௌதிக சாஸ்திரமே தலைகீழாக மாறிவிட்டதாம்; படித்ததெல்லாம் பழங்கதையாம்! மாணவர் மனம் தளரவில்லை. பேராசிரியர் கொடுத்த புதுக் கட்டுரையின் புரூப் தாள்களை வாங்கிக்கொண்டு வந்து படித்தார். மறு வருஷமே லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் அவருடைய சொந்தக் கட்டுரை வெளியாயிற்று. 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமண்யன் சந்திரசேகர்தாம் அவர்.

எல்லாக் குழந்தைகளும் சந்திரசேகர் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பசித்த வேளையில் இலை போடவேண்டும் என்றுதான் சொல்கிறோம். ஆறு வருஷம் கழித்துப் போட்டால் பசி காத்துக்கொண்டிருக்குமா?

இனி, குழந்தாய், உனக்கு. மூன்றாம் பக்கத்தில் நீ நின்றது உன் குற்றமன்று. 1935-இல் ஷ்ரோடிங்கர் அந்தப் பூனையைக் கொண்டுவந்ததே, இந்தச் சாஸ்திரத்தில் உள்ள சங்கடத்தை மற்ற மேதைகளுக்கு எடுத்துக் காட்டுவதற்காகத்தான். மேதைகள் சண்டையிட்ட இடத்தை நுழைவாசல் என்று உனக்குக் காட்டிவிட்டார்கள். உண்மையான வாசல் உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது.

உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழியும்போது, நீலமாய் எரிந்த காஸ் அடுப்பின் சுடர் பளிச்சென்று மஞ்சளாவதைக் கவனித்திருக்கிறாயா? உப்பில் உள்ள சோடியம் செய்கிற வேலை அது. எந்த ஊர் உப்பானாலும் அதே மஞ்சள்தான். ஏன்? அணுவுக்குள் எலெக்ட்ரான் நினைத்த உயரத்தில் நிற்க முடியாது. அங்கே இருப்பது சறுக்குப் பாதையன்று, படிக்கட்டு. சூட்டினால் ஒரு படி ஏறிய எலெக்ட்ரான் மீண்டும் இறங்கும்போது, அந்தப் படியின் உயரத்துக்குச் சமமான சக்தியை ஒளியாகத் தருகிறது. படி மாறாது, ஆகையால் நிறமும் மாறாது. 1913-இல் நீல்ஸ் போர் ஹைட்ரஜன் அணுவுக்குச் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான்.

அடுத்த பரீக்ஷை: இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை நெடுநேரம் இருட்டில் வைத்து அதன் ஒளி அடங்கிய பிறகு, சிவப்பு எல்.இ.டி. விளக்கை அதன்மேல் காட்டு. எவ்வளவு பிரகாசமாய்க் காட்டினாலும் அது ஒளிராது. மங்கலான நீல விளக்கைச் சிறிது நேரம் காட்டு, ஒளிரும். ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் யந்திரம் குறிப்பிட்ட நாணயத்தைத்தான் ஏற்கும். சில்லறையை மூட்டையாகக் கொட்டினாலும் சீட்டு வராது. ஒளியும் அப்படியே தனித்தனி நாணயங்களாகத்தான் வருகிறது. நீல நாணயத்துக்கு மதிப்பு அதிகம். ஒளி இவ்வாறு துணுக்குகளாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் சொன்னார்.

இவ்விரண்டையும் உன் சொந்தத் தமிழில் தங்கைக்கு விளக்கிப் பார். அவளுக்குப் புரிந்தால் உனக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஜார்ஜ் காமோ எழுதிய டாம்ப்கின்ஸ் கதைகளைப் படி. பாங்கி குமாஸ்தா ஒருவர் பிரசங்கத்தில் தூங்கிப்போய், பில்லியர்ட்ஸ் பந்து பல இடங்களில் பரவி நிற்கும் உலகத்தைக் கனவில் காண்கிறார். அதன் பின் ரிச்சர்டு பெயின்மன் 1985-இல் வெளியிட்ட 'கியூ. ஈ. டி.' என்ற சிறு நூல். பொது ஜனங்களுக்குச் செய்த பிரசங்கங்களாதலால், அதில் சூத்திரங்களுக்குப் பதில் அம்புக்குறிகளை வரைந்தே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உன்னை ஏமாற்ற நமக்கு விருப்பமில்லை. கணிதமின்றி இந்த வீட்டின் திண்ணைவரைதான் வரலாம். உள்ளே போவதற்கு அல்ஜீப்ரா, திரிகோணமிதி, பின்னர் நுண்கணிதம் எல்லாம் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லும் அப்பாவும் அந்த மட்டில் சரியாகத்தான் சொல்கிறார்! நாள்தோறும் அரை மணி கணக்குப் போடு, திறவுகோல் அதுதான்.

அப்பாவுக்கு ஒரே விண்ணப்பம். இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, மகளோடு உட்கார்ந்து அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். அதற்குப் பிறகும் "காலேஜ் வரட்டும்" என்று சொல்ல மனம் வந்தால், தாராளமாய்ச் சொல்லுங்கள்.