நின்றவனே சீடன்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள். கார், மோட்டார் சைக்கிள், கைப்பேசி எல்லாம் இங்கே தயாராகின்றன. ஒரு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டு தொடங்கும்போது ஆயிரக்கணக்கானோர் சாலைக்கு வருகிறார்கள். கம்பெனி பஸ், கண்டெய்னர் லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே சாலையில் ஓடுகின்றன.

இந்தச் சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் என்ன நடக்கிறது? சிலர் ஓடி வருகிறார்கள். பலர் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "ஷிப்டுக்கு நேரமாகிறது", "போலீஸ், கோர்ட்டு என்று யார் அலைவது?" என்கிறார்கள்.

பைபிளிலும் ஒரு சாலை

லூக்கா நற்செய்தியின் 10-வது அதிகாரத்தில் இப்படி ஒரு சாலை வருகிறது. அது எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் மலைப்பாதை.

வேதம் படித்த ஒருவர், தன் அயலான் யார் என்று ஏசுநாதரிடம் கேட்டார். அதற்கு அவர் ஒரு கதை சொன்னார்.

வழிப்போக்கன் ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டார்கள். குரு ஒருவர் வந்தார். பார்த்தார். விலகிப் போனார். கோவில் ஊழியம் செய்யும் லேவியன் வந்தான். அவனும் விலகிப் போனான். பிறகு ஒரு சமாரியன் வந்தான். சமாரியர் என்றாலே யூதர்களுக்கு ஆகாது. ஆனால் அவன்தான் நின்றான். காயத்துக்குக் கட்டுப் போட்டான். தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். மறுநாள் பணமும் கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான்.

குருவுக்கும் லேவியனுக்கும் வேதம் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவர்கள் நிற்கவில்லை. யார் அயலானாக நடந்துகொண்டான் என்று ஏசுநாதர் திருப்பிக் கேட்டார். அவனைப் போலவே செய்யும்படி சொல்லி அனுப்பினார்.

மூன்று மரணங்கள்

இதைச் செய்து காட்டிய பெண் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஐடா ஸ்கடர். தந்தை திண்டிவனத்தில் பாதிரியார், டாக்டர். மகளுக்கோ இங்கே தங்க விருப்பமில்லை. அமெரிக்காவில் வாழவே ஆசை.

ஓர் இரவு மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஆண் டாக்டர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

ஐடா அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்தார். 1900-ம் ஆண்டு திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் இன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் பெங்களூர் நெடுஞ்சாலைதான் வேலூருக்கும் போகிறது.

பயம் எதற்கு?

உதவி செய்தால் வம்பு வரும் என்ற பயம் இனி வேண்டாம். அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறை பிறகுதான் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உதவுகிறவரைப் பாதுகாக்கும் விதிகளை 2016-ல் அதே கோர்ட்டு ஏற்றது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லும்படி உதவியவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஏசுநாதர் கதையில் வரும் சமாரியன் பெயராலேயே அந்தச் சட்டம் உதவுகிறவரை அழைக்கிறது!

பணத்துக்கும் வழி உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. அடிபட்டவர் வெளிமாநிலத் தொழிலாளி என்றாலும் சிகிச்சை உண்டு.

சட்டம் பயத்தைத்தான் போக்கும். வண்டியை நிறுத்த வேண்டியது மனிதன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபிப்பது நல்லது. திங்கட்கிழமை சாலையில் நின்று உதவினால்தான் அந்த ஜெபம் முழுமையாகும். 108-க்குப் போன் செய்யுங்கள். அடிபட்டவரை முரட்டுத்தனமாகத் தூக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சமாரியன் மறுநாளையும் மறக்கவில்லை.

கிறிஸ்தவர்கள் இதைச் சீடனின் கடமை என்பார்கள். மற்றவர்கள் மனிதனின் கடமை என்பார்கள். பெயர் எதுவானாலும் சரி, ஓர் உயிர் பிழைக்கட்டும்!