சாமியாரைக் கண்டாலே சந்தேகமா?

செம்மேடு பஸ் நிலையம். கீழே இருந்து பஸ் வந்து நிற்கிறது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவும் சுற்றிய களைப்பு எல்லார் முகத்திலும். அன்னாசி வாங்க வந்த வியாபாரி இறங்குகிறார். அருவி பார்க்க வந்த காலேஜ் பையன்கள் இறங்குகிறார்கள். கடைசியாக ஒருவர். சடைமுடி, காவி வேட்டி, தோளில் ஒரு மூட்டை, கையில் திருவோடு.

டீக்கடை பெஞ்சில் பேச்சு சட்டென்று நிற்கிறது.

"யாருப்பா அந்த ஆளு?"

"கோரக்கர் குகைக்குப் போற சாமியா இருக்குமுங்க."

"சாமியா? இந்தக் காலத்துல யாரை நம்பறது? புள்ளை புடிக்கறவனா இருந்தா?"

அவ்வளவுதான்! ஒருத்தர் செல்போனை எடுக்கிறார். படம் பிடிக்கிறார். அந்த மனிதர் ஆகாய கங்கை ரோட்டில் ஒரு மைல் நடப்பதற்குள் அவர் படம் நாலு ஊருக்குப் போய்விடுகிறது. கூடவே ஒரு வரி: "உஷார்!"

இது ஏதோ ஒரு தேதியில் நடந்த செய்தி அல்ல. எந்த நாளும் நடக்கக் கூடியது. காவி வேட்டிக்குத்தான் இந்த வரவேற்பு என்றும் இல்லை. கறுப்பு அட்டை போட்ட புத்தகத்தோடு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தால், "மதம் மாத்த வந்துட்டாங்கய்யா" என்பார்கள். தொப்பி வைத்த பாய் துணி மூட்டையோடு வந்தால் அதற்கு ஒரு கதை. நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்தால், "உள்ளே என்னமோ நடக்குது!"

வேடிக்கை என்னவென்றால், சந்தேகப்படுகிற மலைக்காரர்களையே கீழ்நாட்டான் சந்தேகப்படுகிறான். கொல்லிமலை என்றாலே மை, மாந்திரீகம், வசியம் என்று அவனுக்கு நினைப்பு. "கொல்லிமலைக்காரன் கையில தண்ணி வாங்கிக் குடிக்காதே, மருந்து வெச்சிருவான்" என்று சொல்லி வளர்த்த பாட்டிகள் உண்டு. சிரித்துக் கொல்லும் கொல்லிப்பாவை கதை ஒரு பக்கம். தொடர்கதைக்காரர்களும் சினிமாக்காரர்களும் சேர்ந்து கட்டிவிட்ட சித்தர் கதைகள் இன்னொரு பக்கம். மலையில் இருக்கிற மலையாளி ஜனமோ, சாமையும் தினையும் விதைத்து, மிளகும் காப்பியும் பறித்து, அறப்பளீசுவரரையும் மாசி பெரியண்ணனையும் கும்பிட்டு, தன் பாட்டுக்கு இருக்கிறது. வசியம் தெரிந்திருந்தால் மிளகு விலையையாவது கொஞ்சம் ஏற்றி வைத்திருக்க மாட்டார்களா?

துரை வந்த கதை

சந்தேகம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். செம்மேடு இருக்கிற அதே வாழவந்திநாட்டில் நடந்த கதை இருக்கிறது.

1913-ல் ஒரு வெள்ளைக்கார தம்பதி சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்த கையோடு மலையேறினார்கள். புருஷன் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். பெண்டாட்டி எவலின், லண்டனில் வசதியான வீட்டுப் பெண். அப்போது ரோடு ஏது, பஸ் ஏது? நடந்து ஏறினால் உண்டு. டோலி தூக்கினால் உண்டு. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழே இருந்து ஒருவரும் ராத்தங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மரப்பலகையில் ஒரு வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மலை ஜனங்களுக்குப் பயம் வராமல் இருக்குமா? நிறமே வேறு. சாமி வேறு. பாஷை வேறு. வெள்ளைக்காரன் நம்ம சாமியைக் கெடுக்க வந்திருக்கிறான், கிட்டே போனால் தெய்வக் குற்றம் என்று பேச்சு. எல்லாருக்கும் மேலே எதிர்த்து நின்றவர் அங்கே இருந்த ஒரு பூசாரி.

பூசாரியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. துரை வந்ததே மதத்தைப் பரப்பத்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்தக் காலத்து மிஷன்காரர்கள் மலைச்சாமிகளைப் பற்றி நல்ல வார்த்தை எழுதியதில்லை. "பேய் வழிபாடு" என்றுதான் எழுதினார்கள். ஆக, அவர்களுக்கு இவர்கள் மேல் சந்தேகம். இவர்களுக்கு அவர்கள் மேல் சந்தேகம். கணக்கு சரிதான்!

துரை பல் பிடுங்கினார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். காலில் நரம்புச்சிலந்தி வந்து புண்ணாகிக் கிடந்தவர்களுக்கு, புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாக வெளியே எடுத்தார். மருந்துக்கு ஜனம் வந்தது. மதத்துக்கு வரவில்லை. வருஷம் ஐந்து, ஆறு என்று ஓடியும் ஒரு ஆள் கூட மதம் மாறவில்லை.

பிறகு வந்தது விஷக் காய்ச்சல். 1918-19ல் உலகத்தையே ஆட்டி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் உயிரைக் குடித்த அந்தக் காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. சொந்தக்காரனே பயந்து ஓடிப்போன வீடுகளுக்குள் பிராண்ட் தம்பதி கஞ்சி எடுத்துக்கொண்டு நுழைந்தார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் படுக்கையில் விழுந்தார். அவர் கிட்டே யாரும் போகவில்லை. துரையும் துரைசானியும் போனார்கள்.

சாகிற நேரத்தில் அந்தப் பூசாரி என்ன செய்தார் தெரியுமா? தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த வெள்ளைக்காரர் கையில் ஒப்படைத்தார். அதில் ஒன்று கைக்குழந்தை!

ஆறு வருஷம் யாரைப் பார்த்து "கிட்டே போகாதே" என்றாரோ, அவரிடமே பிள்ளைகளைக் கொடுத்தார். அதற்கு அவர் எந்தப் புத்தகத்தையும் படிக்கவில்லை. எந்த வாதத்திலும் தோற்கவில்லை. ஆறு வருஷமாக அந்த ஆள் என்ன செய்கிறார் என்று எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆறு வருஷத்தில் பூசாரி எதிர்த்தாரே தவிர, துரை வீட்டுக்குத் தீ வைக்கச் சொல்லவில்லை.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் மலையிலேயே செத்தார். வாழவந்தியில் புதைத்தார்கள். அவர் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தவர். பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி உலகப்புகழ் பெற்றவர். எவலின் அம்மாளை மிஷன்காரர்கள் "வயசாகிவிட்டது, ரிட்டையர் ஆகுங்கள்" என்றார்கள். அந்த அம்மாள் தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலையேறினார். கிழவியான பிறகும் மலை மலையாக அலைந்தார். 1974-ல் 95 வயதில் காலமாகி, புருஷன் பக்கத்தில் புதைக்கப்பட்டார். அதற்குப் பிறகும் மலையில் கிறிஸ்தவராகாதவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. அவர்கள் அறப்பளீசுவரர் கோவிலுக்குத்தான் போகிறார்கள். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

சாக்லேட் கொடுத்தது குற்றமா?

அந்தப் பூசாரிக்கு இருந்த பொறுமை செல்போன் காலத்தில் இருக்கிறதா?

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். சென்னையில் இருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்தினார்கள். காரில் இருந்த 65 வயசு அம்மாள் அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு ஆசையாகச் சாக்லேட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிற கும்பல்!" என்று ஒரு குரல். கூட்டம் கூடிவிட்டது. அடித்த அடியில் அந்த அம்மாள் செத்தே போனார். கூட வந்தவர்கள் படுகாயம். அந்த வட்டாரத்தில் எந்தக் குழந்தையும் காணாமல் போயிருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி மட்டும்தான் இருந்தது.

2020 ஏப்ரல் 16. மராட்டிய மாநிலம் பால்கர் மாவட்டம், கட்சிஞ்சலே என்ற ஆதிவாசி கிராமம். ஊரடங்கு நேரம். குருவின் சாவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த இரண்டு சாமியார்களையும் டிரைவரையும் ராத்திரியில் கூட்டம் மறித்தது. அங்கேயும் அதே வதந்தி. மூன்று பேரும் போலீசார் கண் எதிரிலேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். வதந்தியால் நடந்த அந்தக் கொலை மேலேயே இன்னொரு வதந்தி ஏறியது! "வேறு மதத்துக்காரன் கொன்றான்" என்று கிளப்பிவிட்டார்கள். கைதான நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் ஒரு முஸ்லிம் கூட இல்லை என்று அந்த மாநில உள்துறை மந்திரியே அறிவிக்க வேண்டி வந்தது.

அதே கொரோனா நேரத்தில்தான் டெல்லி தப்லிக் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களைச் சாக்காக வைத்து, காய்கறி வண்டி தள்ளும் பாயைக் கூட தெருவுக்குள் விடாத கூத்து நடந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த தப்லிக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் ஐகோர்ட்டின் அவுரங்காபாத் கிளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்தபோது அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

அப்போ எல்லாச் சாமியாரும் யோக்கியமா?

இந்தக் கேள்வியை டீக்கடைக்காரர் கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆசிரமத்தில் அடைக்கலம் இருந்த பெண்களைப் பலாத்காரம் செய்த வழக்கு. ஒரு கொலை வழக்கும் சேர்த்து. 1994-ல் கைது. 1997-ல் புதுக்கோட்டை கோர்ட்டில் ஆயுள் தண்டனை. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தண்டனைக் கைதியாகவே 2011-ல் செத்தார்.

ஆனால் அந்த ஆள் எப்படி மாட்டினார்? சடைமுடியைப் பார்த்து யாரும் பிடிக்கவில்லை. சொல்லப்போனால், அந்தச் சடைமுடியைப் பார்த்துப் பெரிய மனிதர்கள் காலில் விழுந்தார்கள். ஆசிரமத்தில் இருந்து தப்பி வந்த பெண்கள் வாயைத் திறந்தார்கள். போலீசார் விசாரித்தார்கள். டி.என்.ஏ. சோதனை நடந்தது. சாட்சிகள் கூண்டில் ஏறினார்கள். கோர்ட்டு தண்டித்தது. கூட்டம் கூடி ஆசிரமத்தைக் கொளுத்தியிருந்தால் அந்தப் பெண்கள் சொன்ன ஒரு வார்த்தையும் கோர்ட்டு ஏறியிருக்காது.

கோலத்தைப் பார்த்து அடிக்கிறவனும் கோலத்தைப் பார்த்து காலில் விழுகிறவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருமே அந்த ஆள் என்ன செய்தான் என்று கேட்பதில்லை.

மதம் மாற்றுகிறார்கள் என்ற புகாரும் அப்படித்தான். 1981-ல் மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனபோது, "வளைகுடாப் பணம், வளைகுடாப் பணம்" என்று நாடே கத்தியது. அவர்களை உள்ளூர்க்காரர்கள் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் கொண்டுவந்தவர்களே அதை வாபஸ் வாங்கினார்கள். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, மனதுக்குப் பட்ட மதத்தைப் பின்பற்ற எல்லாருக்கும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் கெடாத வரைக்கும்தான். கெட்டால் கேட்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டலோ மோசடியோ நடந்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது.

ஆடிப் பெருக்கு சமயத்தில் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் கூட்டம் நெருக்கித் தள்ளும். முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். காவி கட்டியவர்களும் வருவார்கள். அப்போது மாவட்ட நிர்வாகம் அருவிக்கும் விழா மேடைக்கும் போலீஸ் போட்டால் மட்டும் போதாது. குகைகளில் தங்குகிற சாமியார்களிடம் பெயர், ஊர் கேட்டுக் குறித்து வைக்கட்டும். மரியாதையாகக் கேட்டால் அவர்களும் சொல்லுவார்கள். அந்த விவரம் ஊர்க்கவுண்டர்கள் கையில் இருந்தால் பாதி வதந்தி டீக்கடையிலேயே செத்துவிடும். பொய்ப் படம் அனுப்புகிறவன் மேல் வழக்குப் போட வேண்டும். அது ஒரு ஊரில் நடந்தாலே பத்து ஊருக்குத் தெரியும்.

பிள்ளையைப் பற்றி உண்மையாகவே பயம் வந்தால் 1098 என்ற எண் இருக்கிறது. போலீசுக்கு 112 இருக்கிறது. வாழவந்திநாட்டு ஸ்டேஷனும் பக்கத்தில்தான் இருக்கிறது. படம் பிடித்த அந்த டீக்கடைக்காரரிடம் கையில்தான் போன் இருக்கிறதே, அதிலேயே கூப்பிடலாம்.