பொஸ்ஸுக்கு ஏன் விழவில்லை அந்த அடி?

என் புருஷன் என்னை அடித்ததற்கு எல்லாரும் எனக்குக் காரணம் சொன்னீர்கள். "வேலைக் களைப்புப் பிள்ளை" என்றார் ஒருவர். "குளிர் நாடு, கொஞ்சம் குடிக்கத்தானே செய்வினம்" என்றார் இன்னொருவர். "செல்லடி பார்த்து வந்தவன், மனம் அப்பிடித்தான் இருக்கும்" என்றா என் சொந்த மாமி. அதே செல்லடிக்குள்தான் நானும் ஓடினேன், மாமி. அதே பங்கருக்குள்தான் படுத்தேன். நான் ஆரை அடிச்சனான்?

அவருக்கு வேலையில் பொஸ் ஒரு பெண். அவரைவிட எத்தனையோ வயது இளையவள். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏசியிருக்கிறாள். "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்தவருக்கு அன்றிரவு இடியப்பத்துக்கு வைத்த சம்பலில் உப்புக் கூடிப்போனது. கோப்பை சுவரில் போய் உடைந்தது. பிறகு நான். கோபம் கண்ணை மறைத்ததாம். எங்கே மறைத்தது? அடிக்கமுதல் யன்னலைச் சாத்தினார். முகத்தைத் தவிர்த்து, சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்து அடித்தார். கண் தெரியாதவன் யன்னல் சாத்துவானா?

சம்பலின் சிவப்பு சுவரை விட்டுப் போகவில்லை. தேய்த்துப் பார்த்து, முடியாமல், அதற்கு மேலே ஒரு கோயில் கலண்டரைக் கொழுவினேன். வந்த சனமெல்லாம் முருகனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது.

ஏன் அடித்தார் என்று இருபது வருஷம் யோசித்தேன். அவருக்குப் பயம். என்னிடத்தில் பயமில்லை, மற்ற ஆம்பிளைகளிடம். அவருக்கு முன்னமே எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் கூட்டாளிமார் கேட்டார்கள்: "உங்கட வீட்டிலை ஸ்டியரிங் ஆற்றை கையிலை, மச்சான்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மடைச்சி. வீட்டுக்கு வந்ததும் என் லைசென்ஸைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். பகிடி விட்டவர்கள் அந்நேரம் நல்ல நித்திரையில் இருந்திருப்பார்கள். விழுந்து முழங்கால் உடைந்த பொடியனிடம் "பொம்பிளையே நீ, அழுறதுக்கு?" என்று கேட்கிற ஊரில் வளர்ந்தவர் அவர். அழக்கூடாது, தோற்கக்கூடாது, பெண்சாதிக்குக் கீழே நிற்கக்கூடாது. வெளியில் தோற்றதையெல்லாம் வீட்டில் வந்து வென்றுகொண்டிருந்தார். வெல்வதற்கு அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

நாங்கள் வந்து குடியேறிய, டென்மார்க்கின் இந்தப் பிரெடெரிசியாவுக்கும் வெற்றி என்றால் சும்மா இல்லை. கோட்டை மதிலோடு கட்டிய நகரம். வாசலடியில், 1849 யூலை 6இல் முற்றுகையை உடைத்த சிப்பாய்க்கு, 1858இல் வைத்த வெண்கலச் சிலை: கையில் பச்சைக் கொப்பு, தலை நிமிர்ந்து நிற்பான். ஒவ்வொரு யூலையும் அவனுக்கு விழா. 1682இல் யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் இங்கே வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தது அரசு. மதத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள் வந்து ஒதுங்கிய ஊர். அந்த மதிலுக்குள் என் குளியலறைக் கதவுக்குத்தான் பூட்டு இல்லை. அவர் கழற்றி வைத்திருந்தார்.

வேலையில் ஒரு டேனிஷ்காரியிடம் வாய்விட்டேன். பாவமாகப் பார்த்து, "உங்கள் கலாசாரம் அப்படி" என்றாள். எனக்கு அடி விழுந்ததைவிட அது நொந்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் கேட்டு வெளியிட்ட கணக்கில், பதினைந்து வயதுக்குப் பிறகு உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் டென்மார்க்கில் 52 வீதம். அந்த நாடுகளுக்குள் ஆகக் கூடியது அதுதான். இங்கத்தைய பெண்கள் வாய் திறந்து சொல்கிறார்கள், அதனால்தான் எண்ணிக்கை கூட என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த அடியெல்லாம் எந்தக் கலாசாரத்தில் விழுந்தது, சொல்லுங்கோ?

என் போனை வாங்கி வைத்ததும், பாங்க் கார்ட்டைப் பிடுங்கியதும், பஸ் வந்த நேரத்தைக் கணக்குப் பார்த்ததும் குற்றம் என்கிற சட்டம் 2019 ஏப்ரலில்தான் வந்தது. சம்மதம் இல்லாத உறவு வன்புணர்வு என்கிற சட்டம் 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊர், இலங்கைச் சட்டத்திலோ, நீதிமன்றம் பிரித்து வைத்தாலொழியப் புருஷன் செய்வது வன்புணர்வே இல்லை. "என்ர விசாவிலைதான் நீ நிக்கிறாய்" என்று அவர் மிரட்டிய வருஷங்களில், அடி தாங்காமல் பிரிகிறவளின் நிலையைத் தனியாகப் பார்க்க இங்கத்தைய சட்டத்தில் இடமிருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள். குடும்பம் பிரியக்கூடாதாம்.

மகனையும் கூட்டிக்கொண்டு பெண்கள் காப்பகத்துக்குப் போய் மூன்றாம் கிழமை, வீட்டில் மிச்சச் சாமான் எடுக்க வந்த நேரம், சமாதானம் பேசவென்று மூன்று பேர் வந்திருந்தார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பழக்கதோஷம். "அவன் ஆம்பிளை, தங்கச்சி. கோவம் வரும், போகும். நீதான் அனுசரிச்சுப் போகவேணும்" என்றார் மூத்தவர். நான் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்க் கலண்டரைக் கழற்றினேன்.

மூத்தவர் கறையைப் பார்த்தார். கிட்டப் போய் விரலால் தடவியும் பார்த்தார்.

"இதுக்கு ஒரு கோட் பெயின்ற் அடிச்சால் சரிதானே, தங்கச்சி?"