ஆறு மாதக் கணக்கு போதுமா?

தைப்பூசத்தன்று ஜுருவிலிருந்து பாலம் கடந்து தண்ணீர்மலைக்குக் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நீங்கள் ஓடி ஏறும்போது, "நீங்க போயிட்டு வாங்க" என்று கீழேயே உட்கார்ந்துவிடும் ஒரு பெரியம்மா உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கேட்டால் முழங்கால் வலி என்பார். பலருக்கு அது உண்மைதான். சிலருக்குக் காரணம் வேறு. படியேறினால், இருமினால், தும்மினால், அரிசி மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடும். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

மாணவர் பகுதியில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அப்படிச் சுளிப்பதால்தான் பெரியம்மாக்கள் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண்களின் சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான். அதைக் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகளும் அவற்றோடு சேர்ந்த திசுக்களும். தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென ஏறுகிறது. அடியில் உள்ள தளம் இறுக்கமாக இருந்தால், குழாய் அதன்மேல் நசுங்கி மூடிக்கொள்ளும். பிரசவத்தாலோ வயதாலோ தளம் தொய்ந்துவிட்டால் குழாய் சரியாக மூடாது. அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்ஸி 1994-இல் இந்தத் தளத்தைத் தொங்குபடுக்கையோடு ஒப்பிட்டார். நாம் தூளி என்று புரிந்துகொள்ளலாம்.

தொய்ந்த தூளியை அறுவை மூலம் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. நோயாளியின் வயிற்றுத் தசை உறையிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி, குழாய்க்கு அடியில் தாங்கலாகக் கட்டுவது ஒன்று. அடிவயிற்றைத் திறந்து, குழாயின் இருபுறமும் உள்ள திசுவைத் தையலிட்டு மேலே இழுத்துக் கட்டுவது இன்னொன்று. இதை ஜான் பர்ச் 1961-இல் விவரித்தார். 1990-களின் நடுவில் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் மூன்றாவது வழியைக் கொண்டுவந்தார். பாலிப்ரோப்பிலீன் இழையால் பின்னிய மெல்லிய நாடாவைச் சிறு வெட்டுகள் வழியாகச் செலுத்திக் குழாய்க்கு அடியில் வைப்பது அது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. நோயாளி சீக்கிரம் வீடு திரும்பலாம்.

எது மேல்? பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் 344 பெண்களிடம் பர்ச் முறையையும் நாடாவையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குணமானோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு அதே ஆய்வின் செலவுக் கணக்கு வந்தது: நாடா முறையில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 243 பவுண்டு மிச்சம். பலன் ஏறக்குறைய சமம், செலவு குறைவு. நாடா உலகமெங்கும் பரவியதற்கு இத்தகைய முடிவுகளும் துணைநின்றன.

இந்தக் கணக்கில் 'பலன்' என்பதை எப்படி எண்ணாக்குகிறார்கள்? முழு நலத்துடன் வாழும் ஓர் ஆண்டுக்கு மதிப்பு 1, மரணத்துக்கு 0. கசிவோடு வாழும் ஆண்டுக்கு 0.8 என்றும், சிகிச்சைக்குப் பின் 0.9 என்றும் வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் கிடைக்கும் கூடுதல் 0.1 × 10 = 1. இதைத் 'தரம் சீர்செய்த ஆயுள் ஆண்டு' என்பார்கள். இப்படி ஓர் ஆண்டு கூடுவதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆனால் செலவு தகும் என்பது பிரிட்டனில் நெடுங்காலம் இருந்த வரையறை. மலேசியாவிலும் சுகாதார அமைச்சில் இத்தகைய மதிப்பீட்டுக்கென 1995 முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. அரசு மருத்துவமனையில் நாம் கட்டும் சில வெள்ளி சிகிச்சையின் உண்மையான விலை அல்ல. மீதியை வரிப்பணம் கொடுக்கிறது. ஆகவே இக்கணக்கு தேவையான கணக்குதான்.

என் குறை கணக்கின் நீளத்தைப் பற்றியது. நாடா உடலில் ஆறு மாதம் இருப்பதல்ல, ஆயுள் முழுக்க இருப்பது. சில பெண்களுக்கு ஆண்டுகள் கழித்து நாடா திசுவை அரித்து வெளியே வந்தது; சிலருக்குத் தீராத வலி. திசுவோடு ஒட்டி வளர்ந்துவிட்ட நாடாவை வெளியே எடுப்பது, வைத்ததைவிடப் பன்மடங்கு கடினம். இங்கிலாந்து 2018 ஜூலையில் இந்த அறுவையை நிறுத்தி வைத்தது. 2020-இல் வெளியான கம்பர்லெஜ் குழுவின் அறிக்கையில், வலி என்று சொன்ன பெண்களை மருத்துவர்கள் நம்பவே இல்லை என்ற குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. நியூசிலாந்து 2023-இல் நிறுத்தியது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு போடுங்கள். நாடா அறுவைக்கு 4,000 வெள்ளி, பர்ச் அறுவைக்கு 7,000 வெள்ளி. நாடாவை எடுக்க நேர்ந்தால் 30,000 வெள்ளி. நூறு பேரில் 5 பேருக்கு எடுக்க நேர்ந்தால், ஆளுக்குச் சராசரியாக 1,500 கூடி 5,500 ஆகும், நாடாவே மலிவு. 10 பேர் என்றால் இரண்டும் சமம். 12 பேர் என்றால் 7,600, முடிவு தலைகீழாகிவிடுகிறது. ஆறாவது மாதத்தில் கணக்கை மூடியவருக்கு இந்த 5-ஓ 12-ஓ கண்ணில் படாது.

உண்மை எண் என்ன? இங்கிலாந்தில் நாடா வைத்துக்கொண்ட 95,057 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்குள் நாடாவை எடுக்க நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 3.3 பேர். நம் கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், பண அளவில் நாடா தோற்கவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அது உதவியது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த 3.3-க்குள் வலியோடு வாழ்ந்தும் நாடாவை எடுக்காதவர்கள் இல்லை. மருத்துவமனைப் பதிவில் இல்லாத வலி கணக்கில் பூஜ்யம். பாலம் தாண்டி நிபுணரைப் பார்க்கப் போன நாட்களின் கூலி, கூடவே விடுப்பு எடுத்த மகளின் சம்பளம் ஆகியவையும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே உடலில் வைக்கும் ஒவ்வொரு நாடாவும் பதிவாக வேண்டும். அந்தப் பெண்ணிடம் ஐந்தாம், பத்தாம், இருபதாம் ஆண்டுகளில் நலம் கேட்க வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் நாடாவின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அறுவைக்கு முன்பே ஒரு படி இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அர்னால்ட் கேகல் 1948-இல் எழுதினார். பிரிட்டனின் வழிகாட்டி நெறி இன்றும் அதையே முதலில் வைக்கிறது: பயிற்சியாளர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை. இதோடு மின்னணுக் கருவியும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்று 600 பெண்களிடம் சோதித்தார்கள். கருவியால் கூடுதல் பலன் இல்லை என்று 2020-இல் முடிவு வந்தது. விற்பனைக்கு ஒரு பெட்டிகூட இல்லாத சிகிச்சை என்பதாலோ என்னவோ, இதைப் பற்றி விளம்பரம் எதுவும் நாம் பார்ப்பதில்லை.

அடுத்த தைப்பூசத்துக்குப் புறப்படுமுன் பெரியம்மாவிடம் தனியாக, மெதுவாக, முழங்கால்தானா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால், அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம்.